கிழக்குத் துறைப் பலகை

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் "காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். தீவுக்குப் படகுக்காரரும் உன் வீட்டுக்காரர்தான், தபால் கொண்டு வருகிறவரும் அவர்தான் என்பதால் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பா வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறார். விடுதி நடத்துகிறவர். போன மாதம் மேற்குக் கடற்கரையில் அவரை இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ கருவாடு திருப்புவதில் மும்முரமாக இருந்ததால் தொந்தரவு செய்யவில்லை. அந்த மணலையும், சரிவில் தனியாக நிற்கும் வீட்டையும், படுக்கையில் படுத்தபடியே கடல் தெரிகிற ஜன்னலையும் பார்த்து மனிதர் திறந்த வாய் மூடவில்லை. நமக்கு அது வெறும் உப்புக்காற்று வருகிற ஜன்னல். அவருக்கு அதுதான் வியாபாரம்.

ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேற்கே அலை ஏறுகிற மாதங்களில் விருந்தாளிகள் எப்படி வருவார்கள் என்று. நான் சட்டென்று சொல்லிவிட்டேன். "மேற்கே மூடினா கிழக்கே திறக்கும் சார். எங்க தீவு வருஷத்துல ஒரு நாள்கூட அடைபட்டுக் கிடந்தது கிடையாது. பாறையில பலகை போட்டு இறங்கிடுவோம். எங்க அப்பா இருந்தவரைக்கும் அவர்தான் அந்தப் பலகையைப் பிடிச்சவரு." அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அங்கேதான் உன் உதவி வேண்டும். கிழக்குத் துறையிலிருந்து அப்பா வீட்டுக்கு ஏறும் பாதை உன் நிலத்தின் வழியாகப் போகிறது. நீ கருவாடு காயப்போடும் இடத்தின் ஓரமாக நடக்க அனுமதி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். உன் வீட்டுக்காரருக்கு விடுதிப் படகில் நிரந்தர வேலை வாங்கித் தருகிறேன். கருவாட்டை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிக் காயப்போட்டுக்கொள், வாசனை வராமல். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கும் இது அவசரம். டவுனில் எங்கள் தையல் கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மகன் வெளிநாட்டுக்கு வந்துவிடுங்கள் என்கிறான். அங்கே போய் அவன் கையை எதிர்பார்த்து உட்காராமல் நாங்கள் நாங்களாக இருக்க இந்த வீடு விலை போனால்தான் முடியும். உன் அத்தான் இப்போதே குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உறையை நீ ஒட்டியது போதாது. பிரிக்காமலே அவர் படித்தார், ஏனென்றால் நான் சத்தம் போட்டுப் படித்தேன். விடுதிப் படகு வேலைக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவருக்கும் தெரியும்.

எனக்குச் சந்தோஷம் எது தெரியுமா? கிழக்குத் துறை உனக்கு ஞாபகம் இருக்கிறதே, அதுதான். நான் நீ மறந்துவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் முன்னால், இதே மேற்கே அலை ஏறுகிற ஜூலை மாதம், டவுன் ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணை மூடினார். நீ சொல்லி அனுப்பிய செய்தி எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "கடல் மூடிக் கிடக்கு. எந்தப் பக்கமும் இறங்க வழி இல்லை. இங்கேயே முடிச்சிடுறோம்." செய்தி எனக்கு வருவதற்கு முன்னாலேயே நாங்கள் கிழக்குத் துறையில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா போய்விட்டார் என்று கேள்விப்பட்டதுமே தூக்குவதற்கு நாலு பேர் தாங்களாகவே வந்துவிட்டார்கள். கடைக்காரர், வலை பின்னுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், அவர் மச்சினன். யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தப் பாறையில் நின்று ஊருக்கே பலகை பிடித்தவர் அப்பா. அவர் மிதித்துப் பிடித்த பலகையில் இறங்காத ஆள் இந்தத் தீவில் கிடையாது. இன்றைக்கு அவர் இறங்கப் போகிறார் என்று பலகையின் பாறைப் பக்கத்தை நான் மிதித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் டவுன் துறையில் படகோடு காத்திருந்தார். நீ அவரிடம்கூட வரவில்லை. யாரோ ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினாய். சாயங்காலம் அவர் வெறும் படகோடு திரும்பி வந்து, நான் மிதித்திருந்த பலகையிலேயே இறங்கினார். அலை எப்படி இருந்தது என்று கேள். பலகையை மிதித்து நின்ற எனக்குப் பாதிக் கணுக்கால்தான் நனைந்தது.

எந்தப் பக்கமும் வழி இல்லை என்றாய். இன்றைக்கு விடுதிக்காரருக்கு வருஷம் முழுக்க வழி இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் அக்கா.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. முதலில் நீ ஒன்று சொல். அன்றைக்கு வழி இருந்ததா, இல்லையா?

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவாய் என்று தெரிந்துதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நின்றவள் நான். அவர் மூத்திரப் பையை மாற்றியவள் நான். நீ ஒரு தடவை வந்தாய், வாசலில் நின்று அழுதாய், கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது என்று போனாய். அன்றைக்கு எனக்கு என்ன புத்தி இருந்தது, என்ன புத்தி இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சீக்கிரம் எடுங்கள் என்றார். வண்டிக்காரன் துறை வரைக்கும் வரமாட்டேன் என்றான். காற்று வேகமாக அடித்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பெண்பிள்ளை, தனியாக எதைப் பார்ப்பேன்? உன் அத்தானைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கஷ்ட காலத்தில் தலைவலி மாத்திரை தேடிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டை அப்பா எனக்கு எழுதிக் கொடுத்ததுதான் உன் வயிற்றெரிச்சல். அதை நேராகச் சொல்லாமல் பலகை, பாறை, நாலு பேர் என்று சுற்றி வருகிறாய். உனக்குக் கல்யாணத்தின்போதே கிழக்குச் சரிவைக் கொடுத்துவிட்டார். வீடு எனக்கு. அதில் என்ன அநியாயம்?

அந்தப் பாதையில் நான் நடை பழகிய நாளிலிருந்து நடந்திருக்கிறேன். அது உன் நிலம் ஆவதற்கு முன்னாலேயே பாதை. வக்கீலிடம் கேட்டுவிட்டேன். வழக்குப் போட்டால் நீ நிற்க மாட்டாய். தங்கை என்பதால் கையெழுத்துக் கேட்கிறேன். பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

வழக்குப் போடு. நோட்டீஸ் தீவுக்கு வரவேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் சட்டைப் பையில்தான் வரவேண்டும். நனையாமல் வந்து சேர்ந்தால் அவசியம் படிக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. டாக்டர், வண்டிக்காரன், காற்று, தலைவலி மாத்திரை எல்லாம் எழுதியிருக்கிறாய். வழி இருந்ததா என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை போல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். சோறும் கொஞ்சம்தான் வைத்திருக்கிறாய்.

வீட்டைப் பற்றி எனக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறது. இல்லை என்று எப்போது சொன்னேன்? ஆனால் வீட்டுக்காக மட்டும் என்றால் எப்போதோ ஆறியிருக்கும். முகத்தைக் காட்டாமல் முடித்தாயே, அது ஆறவில்லை. ஆறவும் விட மாட்டேன்.

சண்டை வேண்டாம். விடுதிக்காரரைக் கூட்டிக்கொண்டு ஜூலையில் வா. மழைக்காலத்தில் வழி எப்படி இருக்கிறது என்று அவரே கண்ணால் பார்க்கட்டும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

தங்கை


ஜூலை 19

நீ ஒரு மனுஷியா?

தங்கை என்று எழுதக்கூடக் கை வரவில்லை. நீ கூப்பிட்டாய் என்று நம்பி விடுதிக்காரரைக் கூட்டிக்கொண்டு டவுன் துறைக்கு வந்தேன். மனிதர் புதுசாக மழைச் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் குதித்துக்கொண்டு வந்தார்.

உன் வீட்டுக்காரர் படகு அப்போதுதான் தீவிலிருந்து வந்து நிற்கிறது. கருவாட்டு மூட்டை, இரண்டு ஆடு, நாலைந்து பெண்கள் இறங்குகிறார்கள். ஒருத்தி சேலைகூட நனையவில்லை. நான் கிட்டே போய்ச் சிரித்த முகமாகக் கேட்டேன்.

"தம்பி, சார் தீவுக்கு வரணும்ங்கிறாரு. எப்ப கிளம்புறீங்க?"

அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார். "வழி இல்லீங்க அண்ணி. கடல் மூடிக் கிடக்கு."

"நீங்க இப்ப எங்கேருந்து வர்றீங்க?"

"தீவுலேருந்துதான்."

"அப்புறம் என்ன?"

"எந்தப் பக்கமும் இறங்க முடியாதுங்க அண்ணி. நீங்களே சொன்னதுதானே."

ஒரு சிரிப்பு இல்லை, ஒரு கோபம் இல்லை. மாடு கயிறு தின்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நான் அடுத்த படகுக்குப் போனேன். அது வலை பின்னுகிறவருடைய மகன் படகு. "வழி இல்லீங்க, கடல் மூடிக் கிடக்கு." அதற்கடுத்து வாத்தியாருடைய மச்சினன். அவனும் அதையே சொன்னான். கடைசியில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கூட, நான் ஒன்றுமே கேட்காமல், "வழி இல்லைக்கா" என்றாள். ஊரே சேர்ந்து பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

டவுன் படகுக்காரர்கள் கிழக்குத் துறைக்கு வரமாட்டார்கள், பாறை தெரியாது என்கிறார்கள். விடுதிக்காரர் என்னைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். "என்னம்மா, ஏறி வந்தவங்களே வழி இல்லைங்கிறாங்க?" என்றார். நான் என்ன சொல்வேன்? வழி இருக்கிறது என்று சொன்னால், "அப்ப அன்னிக்கு?" என்று உன் வீட்டுக்காரர் அங்கேயே கேட்டிருப்பார். வாயைத் திறந்துகொண்டுதான் நின்றார். என் வாயை நானே தைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாளும் போனோம். அதே பாட்டு. விடுதிக்காரர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் "பாக்கலாம்மா"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாய். நல்லா இரு.


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நல்லா இருக்கிறேன். நீ வாழ்த்தியதற்கு நன்றி.

நீ எழுதியதை அவர் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார், முக்கியமாக அந்த மாடு கயிறு தின்கிற இடத்தை. அப்படியா வைத்திருந்தேன் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். ஊருக்கு நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நீ நம்ப மாட்டாய். கடைக்காரரிடம் மட்டும், "அக்கா வர்றாங்க, வழி கேட்பாங்க" என்றேன். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தப் பாறையில் நனைந்துகொண்டு நின்றவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும் அல்லவா?

நீ எவ்வளவு வெட்கப்பட்டிருப்பாய் என்று நினைத்து எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்? ராத்திரி சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

இப்போதும் காலம் போய்விடவில்லை. அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா. துறையில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல். "அன்னிக்கு வழி இருந்துச்சு." ஊர் காதில் விழுகிற மாதிரி. சொன்ன நிமிஷம் படகு கிளம்பும், நான் கையெழுத்துப் போடுவேன், கருவாட்டையும் பின்னால் தள்ளிக் காயப்போடுகிறேன். வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டில் பங்கு கேட்டேனா? ஒரு ஓட்டுச் சில்லு கேட்டேனா?

உனக்கு அந்த வாக்கியம் வீட்டை விடப் பெரிதாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

தங்கை


பிப்ரவரி 11

அக்கா,

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் அப்படியே படித்துக்கொள்.

மேற்குக் கடல் அலையே இல்லாமல் தட்டாக இருக்கிறது, டவுன் படகுகள் எது வேண்டுமானாலும் மணலில் வந்து ஏறும், எங்கள் படகும் வேண்டாம், என் பாதையும் வேண்டாம். இதற்காகக் காத்திருந்தாயா? பழைய மரம் வாங்குகிறவரையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வந்தாய். சுத்தியல் சத்தம் கேட்டு, யாரோ வீட்டைப் பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் மேலே ஏறினேன். பைத்தியக்காரி. மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உத்திரங்களைக் கயிறு கட்டி மணலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு ஏற்கெனவே படகில் கிடந்தது. நம் இரண்டு பேர் உயரத்தையும் அப்பா கீறி வைத்தாரே, அந்தக் கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். கீறலைப் பார்த்து, "இது என்னம்மா, கரையான் அரிச்சதா?" என்று என்னைக் கேட்டான். அந்த ஜன்னலையும் விடவில்லை. நீ பூவரச மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எரியாத வீட்டில் பிடுங்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் வீடு, உன் மரம். நான் கேட்க முடியாது. ஆனால் அதை விற்று உனக்கு என்ன பெரிதாகக் கிடைத்திருக்கும்? ஒரு பயணத்துக்குக்கூடக் காணாது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டாய். அறுத்துக்கொண்டு போ. உனக்கும் ஒருநாள் ஒரு துறையில் நின்று வழி கேட்கிற நிலைமை வரும். அன்றைக்கு உனக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

தங்கை


பிப்ரவரி 25

எனக்கு இல்லாதது உனக்கும் இல்லை.

நான் போன பிறகு அந்த வீட்டில் நீ விளக்கேற்றி உட்கார்ந்து, அப்பா வீடு அப்பா வீடு என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாய். அதை நான் அங்கிருந்து நினைத்து நினைத்துச் சாக வேண்டுமா? இப்போது மேலே பார்த்தால் வானம் தெரியும். நன்றாகப் பார்த்துக்கொண்டிரு.

அடுத்த வாரம் கிளம்புகிறோம். பயணச்சீட்டு மகன் எடுத்து அனுப்பிவிட்டான். வெறுங்கையோடு அவன் வீட்டுப் படி ஏறப் போகிறேன், உன் புண்ணியத்தில். தையல் மிஷினைக்கூட விற்றாயிற்று.

இனி எனக்கு எழுதாதே. விலாசம் தரவும் மாட்டேன்.


மே 30

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த உறையின் மேல் விலாசம் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டே படித்துக் காட்டு. பரவாயில்லை.

உன் அத்தான் போய்விட்டார். போன குளிர்காலத்தில். கம்பளிச் சட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டும் குளிர் அவரை விடவில்லை. கடைசி நாட்களில் ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடியதும் நான் மகனிடம் கேட்டேன். "அப்பாவை ஊருக்குக் கொண்டு போயிடலாம்ப்பா."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வழி இல்லைம்மா. இங்கேயே முடிச்சிடலாம்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எல்லாரும் நான் அவரை நினைத்து அப்படி ஆகிவிட்டேன் என்று நினைத்தார்கள். நான் அவரை நினைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் கயிறு கட்டிக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. உன் கணுக்கால் நனைந்ததாக எழுதினாயே, அது தெரிந்தது.

பிறகு கீழ் வீட்டுக்காரி சொன்னாள், வழி இருந்ததாம். அலைச்சல் அதிகம், அவ்வளவுதானாம். மகனிடம் நான் அதைச் சொல்லவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? அவன் என்னிடமிருந்துதானே பிறந்தான்.

அன்றைக்கு வழி இருந்தது. எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் படகு நின்றதை ஆஸ்பத்திரி மாடியிலிருந்தே பார்த்தேன். காரணம் கேட்காதே.

இங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஹாலில் சோபாவில் படுக்கிறேன். காலையில் அவர்கள் எழுந்திருப்பதற்குள் போர்வையை மடித்துவைத்துவிட வேண்டும். ஒருநாள் மடிக்க மறந்துவிட்டேன். மருமகள் சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் கன்னத்தில் நான்கு அறை வாங்கியிருக்கலாம். ஜூலையோடு நான் இங்கே இருப்பதற்கான அனுமதி முடிகிறது. நீட்டித்துக்கொள்ளலாமா என்று மகன் கேட்டான். "வேணாம்ப்பா" என்றதும் அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்துவிட்டேன்.

போக வேறு இடம் இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை என்று எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம். சுவர் இருக்கிறது. ஒரு மூலையில் தகரம் போட்டுக்கொள்கிறேன். ஜூலையில் வந்தால் மேற்கே இறங்க முடியாது. கிழக்கேதான் வரவேண்டும். உன் பாதையில்தான் நடக்கவேண்டும்.

வழி இருக்குமா?

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

அத்தான் போனது கேட்டு வருத்தப்பட்டோம். தலைவலி மாத்திரை தேடிப் போகிறவர் என்றாலும் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர்.

உன் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். "வழி இல்லை அக்கா. கடல் மூடிக் கிடக்கு." அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த பதில். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. உறையில் போட்டு ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். படகு திரும்பும் முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. ஆனால் அடுத்தது என்ன என்று யோசித்தேன். நீ அங்கே சோபாவில் படுத்துக்கொண்டு அழுவாய். அதை யார் பார்ப்பார்கள்? எனக்கு என்ன தெரியும்? அத்தனை தூரத்தில் இருக்கிறவளைப் பழிவாங்கி என்ன பிரயோசனம்? பழி வாங்குவதற்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபோது உறை பையிலேயே இருந்தது. "நனைஞ்சிடுச்சு" என்றார். துளிகூட நனையவில்லை. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வா. ஆனால் தெரிந்துகொண்டு வா.

தகரமெல்லாம் போட முடியாது. உன் வீட்டில் இப்போது ஊர் ஆடுகள் படுக்கின்றன. கூரையைக் கழற்றியது யார் என்று அவற்றுக்குத் தெரியாது, சந்தோஷமாக இருக்கின்றன. நீ என் வீட்டில்தான் இருக்கவேண்டும். முன் அறையில் பெஞ்சு இருக்கிறது. அப்பா வந்தால் படுக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் கழுவித் துடைத்துப் போட்ட பெஞ்சு. அதற்கப்புறம் அதில் யாரையும் உட்காரவிட்டதில்லை. அதில்தான் நீ படுக்கவேண்டும். ஜன்னலைத் திறந்தால் கிழக்குத் துறை தெரியும், பலகை தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கவேண்டும். போர்வையை மடிக்கவேண்டாம். கருவாடு திருப்ப வா. வாசனை வரும், பின்னாலெல்லாம் தள்ளமாட்டேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். சோறு போடும்போது சொல்வேன், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்வேன். காரணம் கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கமாட்டேன். வீட்டுப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டது அவர் கண்ணை மூடியதற்கு முந்தின நாள் என்று ஊருக்கே தெரியும். அவரோடு வந்திருந்தால் பாறையிலேயே அதைக் கேட்டிருப்பார்கள்.

நீ எந்த நாள் வருகிறாய் என்று எழுது. டவுன் துறையில் அவர் படகோடு நிற்பார். இந்தத் தடவை அவரிடம் நீயே போய்ப் பேசு. இங்கே பாறையில் அந்த நாலு பேரும் வருவார்கள். வலை பின்னுகிறவருக்கு முட்டி போய்விட்டது, அவரும் வருகிறேன் என்கிறார். உன் பெட்டியைத் தூக்க வருகிறார்கள் என்று நினைக்காதே. படகு பாறையோரம் வந்ததும் கடைக்காரர் கேட்பார், "என்னம்மா, அன்னிக்கு வழி இருந்துச்சா?" எனக்குத் தாளில் எழுதிவிட்டாய். அவர்களுக்கு நீ வாயால் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் பலகை போடுவோம்.

நீட்டி முழக்காதே, அலை காத்திருக்காது. அது படகைத் தூக்கும்போது சொல்லிவிட்டு, அலை இறங்குவதற்குள் பலகையில் கால் வைத்துவிடு. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள், பாசி வழுக்கும்.

நான் கை கொடுக்கமாட்டேன். பலகையை மிதித்துக்கொண்டு நிற்பேன்.

தங்கை